காயத்துக்கான வேக்குவம் கருவியை மாட்யூல்களாக வடிவமைப்பது: கேள்வி பதில்

காயத்தின் மேல் ஃபோம் வைத்து, ஒட்டும் படலத்தால் மூடி, டியூப் வழியாகக் காற்றையும் கசியும் நீரையும் இழுக்கிற நெகட்டிவ் பிரஷர் கருவிகள் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். என் வேலையே இதுதான் என்பதால், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: மேடம், கடைசி வருட புராஜெக்டுக்கு பம்ப், பேட்டரி, டிஸ்ப்ளே என்று மூன்று மாட்யூலாகப் பிரித்திருக்கிறேன். சரியா?

பாகங்களின் பெயரை வைத்துப் பிரிக்காதீர்கள். காயத்து நீர் எதைத் தொடும், எதைத் தொடாது என்று முதலில் ஒரு கோடு போடுங்கள். தொடுகிற பக்கத்தில் டிரெஸ்ஸிங், டியூப், இழுத்த நீர் சேரும் டப்பாவான கேனிஸ்டர்: இவை ஒரே நோயாளிக்கு, அப்புறம் மருத்துவக் கழிவு. தொடாத பக்கத்தில் பம்ப், சென்சார், போர்டு, பேட்டரி: இவற்றைத் துடைத்து அடுத்த நோயாளிக்குக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கேனிஸ்டரின் வாயில் இருக்கும், காற்றை விட்டு நீரைத் தடுக்கிற ஃபில்டர். அது நனைந்தால் காற்றும் நின்றுவிடும். கேனிஸ்டர் நிரம்பியதை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் கருவி கட்டிலில் சாய்ந்து கிடந்தாலும் ஃபில்டர் நனையும், பாதி கூட நிரம்பாதபோது 'நிரம்பிவிட்டது' என்று கத்தும். நீரை ஜெல்லாக்கும் தூளை உள்ளே போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கருவிக்குள்ளும் இன்னொரு ஃபில்டர் வையுங்கள், விரிசல் விட்ட கேனிஸ்டரை யாராவது மாட்டினால் பம்ப்பைக் காப்பாற்றப் போவது அதுதான்.

கேள்வி: பம்ப் வாயில் உள்ள சென்சார் 125 காட்டுகிறது. காயத்திலும் அதே அளவு இருக்கும்தானே?

இருக்கும் என்று நம்பாதீர்கள். 125 மி.மீ. பாதரசம் என்ற எண், 1997-ல் மொரிக்வாஸ், அர்ஜென்டா என்ற ஆய்வாளர்களின் குழு பன்றிகளில் செய்து வெளியிட்ட ஆய்விலிருந்து பரவலானது. அந்த எண் பேசுவது காயத்தில் இருக்கும் அழுத்தத்தை, பம்ப் வாயில் இருப்பதை அல்ல. ஒரு மீட்டர் உயர நீர் நின்றால் அதன் அழுத்தமே ஏறத்தாழ 74 மி.மீ. பாதரசம். டியூப் முழுக்க நீர் நின்று, கருவி காயத்தைவிட அரை மீட்டர் உயரத்தில் தொங்கினால், திரையில் 125, காயத்தில் 88. கருவியை அரை மீட்டர் கீழே இறக்கினால் காயத்தில் 162. ஒரே நோயாளி, ஒரே செட்டிங், கருவியை எங்கே மாட்டினார்கள் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது அடைப்பு. பம்ப் பக்கம் மட்டும் சென்சார் இருந்தால், டியூப் முழுசாக அடைபட்டதும் டிரெஸ்ஸிங் கச்சிதமாக ஒட்டியிருப்பதும் அதற்கு ஒரே மாதிரிதான் தெரியும்: அழுத்தம் நிற்கிறது, ஓட்டம் பூஜ்யம். கருவி பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும், காயத்தில் ஒரு வேலையும் நடக்காது. அதனால் டியூபுக்குள்ளேயே, காயத்தின் அழுத்தத்தை அளக்க, டிரெஸ்ஸிங் வரை நீளும் தனித் துவாரம் ஒன்றை விடுங்கள். கூடவே, டிரெஸ்ஸிங் முனையில் அளவு தெரிந்த ஒரு சின்னக் காற்றுக் கசிவை நீங்களே வைத்துவிடுங்கள். நீர் டியூபில் தேங்காமல் நகரும், அந்தக் கொஞ்சம் காற்று வந்து சேரவில்லை என்றால் எங்கோ அடைப்பு என்று உடனே தெரியும். செலவைக் குறைக்க வேண்டுமானால் டிஸ்ப்ளேயைக் குறையுங்கள், இந்தத் துவாரத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: நான் வார்டில் நர்ஸ். ராத்திரியில் 300 மில்லி கேனிஸ்டரைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருக்கிறது. எல்லாக் கருவிக்கும் ஒரு லிட்டர் கேனிஸ்டர் கொடுத்தால் என்ன, மேடம்?

உங்கள் சிரமம் புரிகிறது சிஸ்டர், ஆனால் நான் கொடுக்க மாட்டேன். ரத்தக்கசிவுதான் காரணம். 2007-லிருந்து 12 மரணங்கள், 174 பாதிப்புகள் பற்றித் தகவல் வந்ததாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-ல் எச்சரித்தது. அதில் மிகக் கடுமையான சிக்கல் ரத்தக்கசிவு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு ஒரு ரத்தக்குழாய் கசிந்தால், கருவி அதையும் சளைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சின்ன கேனிஸ்டர் நிரம்பி நிற்பதுதான் அங்கே கடைசித் தடுப்பு. பெரிய கேனிஸ்டர் தீவிர சிகிச்சைப் பிரிவு போல எப்போதும் ஆள் பார்க்கிற இடத்துக்கு மட்டும். வீட்டுக்குப் போகிற பம்ப்பில் அது மாட்டவே முடியாதபடி பொருத்தும் பள்ளத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டும். 'மாட்டாதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவதெல்லாம் போதாது.

கேள்வி: டியூபுக்கு லூயர் கனெக்டர் போடலாமா? எங்கேயும் கிடைக்கிறது.

எங்கேயும் கிடைப்பதுதான் சிக்கல். சிரிஞ்சிலும் டிரிப்பிலும் வருகிற இணைப்பு முனைதான் லூயர், ஐவி லைனும் அதில் மாட்டும். இப்படி மாறி மாட்டும் விபத்துகளைத் தடுக்கத்தான் ஐஎஸ்ஓ 80369 என்ற சர்வதேசத் தர வரிசையே வந்தது. வேறு எதனோடும் சேராத வடிவம் போடுங்கள்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது சிகிச்சை நிற்கும். பரவாயில்லையா?

ஓரிரு நிமிடம் என்றால் பரவாயில்லை, திருப்பி ஓடவிடாத வால்வு இருந்தால் அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஃபோம் டிரெஸ்ஸிங்கை எடுத்துவிட வேண்டும் என்பது பரவலான வழிகாட்டல். மூடிய ஈரத்தில் கிருமி வளரும். ஆகவே பேட்டரி இல்லாத நேரத்திலும் நேரத்தை எண்ணி அலாரம் கொடுக்க ஒரு சின்ன செல் பம்ப் மாட்யூலிலேயே நிரந்தரமாக இருக்கட்டும்.

கேள்வி: மின்சாரமே இல்லாமல் செய்ய முடியாதா, அக்கா?

முடியும். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு கையால் அழுத்தும் பெல்லோஸ் (துருத்தி) வகைப் பம்ப்பைக் கொண்டுபோனது. ஸ்பிரிங்கில் இயங்குகிறவையும் உண்டு. அங்கே முழு பாரமும் ஒட்டும் படலத்தின் மேல் விழும், சின்னக் கசிவைக்கூட ஈடுகட்ட ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் இல்லையே.

கேள்வி: முதல் புரோட்டோடைப் கையில் இருக்கிறது. சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீரில் தொடங்காதீர்கள், எல்லாம் சரியாகத்தான் ஓடும். கிளிசரின் கலந்து கெட்டியாக்கிய நீரை எடுங்கள். கருவியை ஒரு மீட்டர் மேலே, ஒரு மீட்டர் கீழே, பக்கவாட்டில் சாய்த்து என்று வையுங்கள். டியூபை மடியுங்கள், படலத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்குங்கள், கேனிஸ்டரைப் பாதி மட்டும் மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோமுக்கு அடியில் தனி மானோமீட்டர் (அழுத்தமானி) காட்டும் எண்ணையும் திரையில் வரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். இரண்டும் எங்கே பிரிகிறதோ அந்த இணைப்பைத்தான் முதலில் திருத்த வேண்டும்.