ஆர்மீனியாவுக்கு ஒரு நாள் போதுமா?

வணக்கம் சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். மே மாதம் பத்து நாள் வெளிநாடு போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், கணவர், ஒன்பதாவது முடித்த மகள், எழுபது வயது மாமியார். சிங்கப்பூர், துபாய் பார்த்தாயிற்று. மகள் ஆர்மீனியா என்கிறாள். டிராவல்ஸில் கேட்டால், "அங்கே பாழடைந்த சர்ச்சைத் தவிர ஒன்றுமில்லை மேடம். ஜார்ஜியா போங்கள், அதிலேயே ஆர்மீனியாவையும் ஒரு நாள் சேர்த்துத் தருகிறேன்" என்கிறார்கள். நாங்கள் சைவம் வேறு. போகலாமா? போனால் எதையெல்லாம் பார்ப்பது?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொல்வதைக் கேளுங்கள். ஜார்ஜியா அழகான நாடு, அதற்கு இன்னொரு கோடையில் போகலாம். ஆர்மீனியாவை அதன் வாலில் ஒரு நாளாக முடிந்து தருவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பரப்பளவில் தமிழ்நாட்டில் கால்வாசிகூட வராது என்றாலும் முழுக்க மலைநாடு. பத்து நாளும் அதற்கே வேண்டும்.

"பாழடைந்த சர்ச்" என்று படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கெகார்ட் மடாலயத்துக்குள் ஒருமுறை நின்றவர் அப்படிச் சொல்லமாட்டார். தலைநகர் யெரெவானிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். 13-ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து எடுத்த கூடங்கள். குடைவரை நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே தூண், வளைவு, குவிமாடம் எல்லாமே அதே பாறை. குவிமாடத்தின் உச்சியில் இருக்கும் துளைதான் வெளிச்சத்துக்கு வழி. நான் உள்ளே போனபோது இருட்டு கண்ணுக்குப் பழகுவதற்கு முன்பே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாறைக்குள்ளேயே ஊற்று, தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடி வருகிறது. ஒரு பாட்டி பாட்டிலில் பிடித்துப் பேரனுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, மிச்ச ஈரக்கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். உங்கள் மாமியாருக்கு அந்த இடத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. மேல் கூடத்தில் யாராவது பாடினால் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு குரல் நாலு குரலாகத் திரும்பி வரும்.

போகிற வழியிலேயே கார்னி. கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய கோயில், 1679 நிலநடுக்கத்தில் சரிந்து, 1970-களில் விழுந்த கற்களையே எடுத்து மறுபடி நிறுத்தியது. கோயிலைவிட எனக்கு மறக்காதது அந்த ஊரில் பார்த்த லவாஷ் ரொட்டி. தரைக்குள் புதைத்த மண் அடுப்பு, பெயர் தோனிர். ஒரு அம்மா மாவைக் கையிலிருந்து கைக்கு வீசி வீசியே துணிபோல் ஆக்கி, நீள்வட்டத் திண்டு ஒன்றின்மேல் இழுத்து விரித்தார். இன்னொருவர் குனிந்து அடுப்பின் உள்சுவரில் அதை ஓங்கி அறைந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கொப்புளம் கொப்புளமாக எழும்பி, இரும்புக் கொக்கியில் மேலே வந்தது. சுடச்சுட உள்ளே பாலாடைக்கட்டியும் பச்சைத் தழையும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள்.

சைவத்துக்குப் பயப்படாதீர்கள். 'ஜெங்யாலோவ் ஹாட்ஸ்' என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு வகைக் கீரையைப் பொடியாக நறுக்கி உள்ளே வைத்துச் சுடும் ரொட்டி, அருமையாக இருக்கும். 'தான்' என்பது நம் உப்புப் போட்ட மோரேதான். இரண்டில் மட்டும் கவனம்: ஹரிசா பார்க்கக் கோதுமைக் கஞ்சி மாதிரி இருக்கும், கோழி கலந்திருக்கும். ஸ்பாஸ் என்ற தயிர்க்கஞ்சியில் முட்டை சேர்ப்பதுண்டு.

மகளுக்காக யெரெவானில் ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். மதனதாரான் சுவடி நிலையத்துக்கு. 405-ஆம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி இந்த மொழிக்கு 36 எழுத்துகளை உருவாக்கினார். இன்றுவரை அதில்தான் எழுதுகிறார்கள். அங்கே 28 கிலோ எடையுள்ள ஒரு தோல்சுவடி இருக்கிறது, மூஷ் என்ற ஊரில் இருந்தது. 1915-இல் ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, தப்பி ஓடிய இரண்டு பெண்கள் அதைக் கண்டெடுத்தார்கள் என்கிறார்கள். ஒருவரால் தூக்க முடியாது. இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி சுமந்தார்கள். ஒரு பாதி ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினுக்கு வந்து சேர்ந்தது. மற்றப் பாதியைச் சுமந்தவர் வழியில் அதை மண்ணில் புதைத்துவிட்டு இறந்துபோனார். அது பிறகு கிடைத்தது. உயிரே போகும் நேரத்தில் கையில் சோற்றுமூட்டை இல்லை, ஏடு இருந்தது. அந்தக் கண்ணாடிப் பேழை முன்னால் நான் வெகுநேரம் நின்றிருந்தேன்.

கோர் விராப் மடாலயத்துக்கு விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏறினால் அரராத் மலை மூட்டத்தில் மறைந்துவிடும். 5,000 மீட்டருக்கு மேல் உயரம், மேயிலும் தலை நிறையப் பனி. ஆர்மீனியாவின் அரசுச் சின்னத்திலேயே இருக்கும் மலை, ஆனால் நிற்பது துருக்கியில். எல்லையை 1993-இல் துருக்கி மூடியது. கைநீட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாட்டைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றிய புனித கிரிகோரியை 13 ஆண்டுகள் அடைத்ததாகச் சொல்லும் பாதாளச் சிறை இங்கேதான். செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். மாமியாரை மேலேயே உட்கார வையுங்கள்.

தெற்கே தாத்தேவ் மடாலயத்துக்கு இரண்டு இரவு தாருங்கள். யெரெவானிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர், மலைப்பாதை, நாலு மணி நேரத்துக்குக் குறையாது. கடைசியில் பள்ளத்தாக்கைத் தாண்ட 5.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோப்கார் இருக்கிறது, பெரியவர்களுக்குச் சிரமமே இல்லை. செவான் ஏரி போகவர ஒரு நாள். 1,900 மீட்டர் உயரம், மேயில் கால் நனைத்தாலே வெடவெடக்கும். சோவியத் காலத்தில் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீரை இழுத்ததில் ஏரி ஏறக்குறைய 20 மீட்டர் இறங்கிவிட்டது. தீவில் இருந்த மடாலயத்துக்கு இப்போது தரைவழியாகவே நடந்து போகலாம். வடக்கே ஹக்பாட், சனாஹின் இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை, ஆனாலும் இந்தமுறை விட்டுவிடுங்கள். அவசரமாக ஆறு மடாலயம் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும், பிறகு டிராவல்ஸ்காரர் சொன்னது சரிதான் என்று உங்களுக்கே தோன்றிவிடும்.

மே மாதம் நல்ல சமயம். மலையெல்லாம் பச்சை. ஜூலை, ஆகஸ்டில் யெரெவானில் நம் ஊர் வெயில் அடிக்கும். தெருவுக்குத் தெரு குடிதண்ணீர் ஊற்றுகள் உண்டு, பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். ஆப்ரிகாட் பழம் மட்டும் ஜூனில்தான் வரும், உங்களுக்குக் கிடைக்காது.

விமானம் சென்னையிலிருந்து என்றால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெருவுக்கு மகளைக் கூட்டிப் போங்கள். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை, 'ஆர்மீனியன்' என்பதுதான் நம் வாயில் அப்படி ஆனது. அவர்கள் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது. ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது நம் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை அந்த வளாகத்திலேயே இருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்துகளை மகள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். மதனதாரானில் அதே எழுத்துகளை அவளே கண்டுபிடிப்பாள்.