வாசகர் கேள்வி: வரைபடத்தில் தெரியும் குழாய்

கேள்வி: வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்ட எண்ணியுள்ளேன். அடியில் கழிவுநீர்க் குழாய் செல்கிறதா, வெள்ளம் எட்டுமா என்பதை மாநகராட்சியின் இணைய வரைபடத்திலேயே அறியலாமா? – வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்.

பதில்: ஓரளவுக்கு அறியலாம். டர்பன் நகரை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சி பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ள வரைபடத்தில் மனையெல்லைகளை வான்படத்தின் மீது பொருத்திப் பார்க்க முடியும். ஆனால், இத்தகைய வரைபடங்களில் ஆள்நுழைகுழிகளின் இடம் அளந்து குறிக்கப்பட்டிருந்தாலும், அவற்றுக்கிடையிலான குழாய் பழைய காகித வரைபடத்தைப் பார்த்து நேர்கோடாக இழுக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், திரையில் தெரியும் கோட்டை மட்டும் நம்பிக் கடைக்கால் தோண்டுவது அறிவுடைமையன்று.

வெள்ளம் எட்டக்கூடிய எல்லையைக் காட்டும் வெள்ளக்கோடு பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுத் தேசிய நீர்ச் சட்டம், புதிய குடியிருப்புகளின் மனைவரைபடத்தில் சராசரியாக 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் மட்டத்தைக் காட்டச் சொல்கிறது. 2022 ஏப்ரலில் பெருவெள்ளம் வந்துவிட்டது, இனிப் பேரன் காலத்தில்தான் என்று பலர் பேசுகிறார்கள். அது பிழையான கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே ‘100 ஆண்டுகளுக்கு ஒருமுறை’ என்பதன் பொருள். 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அத்தகைய வெள்ளம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடாகிறது. மேலும், அந்த ஏப்ரலில் வீடுகளைச் சரித்த மண்சரிவுகளை எந்த வெள்ளக்கோடும் காட்டாது.

எப்படியாயினும், 1977ஆம் ஆண்டுக் கட்டட விதிமுறைச் சட்டப்படி மாநகராட்சியின் முன் அனுமதி தேவை. விண்ணப்பிக்குமுன் உங்கள் மனை வழியே குழாய் கொண்டுசெல்லும் வழியுரிமை ஏதும் நிலப்பத்திரத்தில் பதிவாகியுள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.