அந்தக் குன்று – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், வில்மிங்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தை ஒரு நாள் முழுக்கச் சுற்றி மலைத்துப்போனேன். போன வாரம் சாட்ஸ் ஃபோர்டில் இருக்கும் பிராண்டிவைன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஏமாற்றம்தான். பழைய மாவு மில். உள்ளே பெரும்பாலும் தாத்தா, அப்பா, பேரன் என்று வயத் என்ற ஓவியர் குடும்பம் வரைந்த படங்கள். குன்று, களஞ்சியம், பன்றி. அச்சு அசல் போட்டோ மாதிரி இருக்கின்றன. முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். இப்படிப்பட்ட ஊர் அருங்காட்சியகங்களில் அப்படி என்னதான் பார்ப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் இன்னொரு முறை அங்கே போகவேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஃபிலடெல்ஃபியாவில் பார்த்த படங்கள் பல தேசங்களிலிருந்து வந்தவை. அவை பிறந்த மண்ணை உடனே போய்ப் பார்க்க வழியில்லை. சாட்ஸ் ஃபோர்டில் அது முடியும். படத்தில் பார்த்த குன்றைக் கொஞ்ச தூரத்தில் நேரிலேயே பார்க்கலாம். அந்தக் குன்று தப்பிப் பிழைத்ததற்கும் ஒரு கதை உண்டு. 1960களில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் தொழிற்சாலைகள் வந்துவிடும் என்ற நிலை. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நிலத்தை வாங்கினார்கள், 1967-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1864-ல் கட்டிய அந்த மாவு மில்லை 1971-ல் அருங்காட்சியகமாக்கியதும் அவர்கள்தான். இன்றைக்கும் ஓவியங்களைக் காப்பதும், சுற்றியுள்ள வயலையும் ஆற்றையும் காப்பதும் ஒரே அமைப்பின் வேலை. இப்படி ஓர் ஏற்பாட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கண்ணாடிச் சுவர் வழியே ஆற்றைப் பார்த்தபடி மாடி ஏறியிருப்பீர்கள். அதே ஆறு 2021-ல் ஐடா புயலின்போது கரையை மீறிக் கீழ்த்தளத்துக்குள் புகுந்தது. நல்லவேளை, ஓவியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குடும்பப் படங்கள் என்கிறீர்கள். சரி, அந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். தாத்தா என்.சி. வயத், ஹோவர்ட் பைல் என்ற ஓவியரிடம் படிக்க வில்மிங்டனுக்கு வந்தவர். 1911-ல் ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலுக்குப் படம் வரைந்து, அந்தப் பணத்தில்தான் சாட்ஸ் ஃபோர்டில் நிலம் வாங்கினார். புத்தகத்தில் உள்ளங்கை அளவுக்கு அச்சாகும் படத்துக்கு, கிட்டத்தட்ட நாலடி உயரத் துணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைவார். பேரன் ஜேமி 1970-ல் வரைந்த பன்றி ஏழடி அகலம். அதன் முன்னால் நின்று ஒவ்வொரு மயிராகப் பாருங்கள். ஒரு பன்றிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஓவியர்கள் அதிகமில்லை.

ஆனால் உங்களை நான் நிற்கச் சொல்வது தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் இருக்கும் அப்பா ஆண்ட்ரூவின் படங்களுக்கு முன்னால். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் கூர்னர் என்ற ஜெர்மானியக் குடியேறியின் பண்ணை. பதின்ம வயதில் அங்கே வரையத் தொடங்கியவர், 2009-ல் இறக்கும்வரை அந்த இடத்தை விடவில்லை. நூற்றுக்கணக்கான படங்கள். 1945 அக்டோபரில் அந்தப் பண்ணைக்குப் பக்கத்து ரயில்வே கடவையில் என்.சி. வயத்தின் கார்மீது ரயில் மோதியது. அவரும் கூட இருந்த இன்னொரு சின்னப் பேரனும் இறந்துபோனார்கள். அப்பாவை ஒரு முறைகூட வரையாமல் விட்டுவிட்டோமே என்று ஆண்ட்ரூ கடைசிவரை வருந்தினார். அதற்குப் பிறகு அந்தப் பண்ணையின் குன்று அவருக்கு அப்பாவாகவே ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு அவர் வரைந்த ‘வின்டர் 1946’ படத்தில் ஒரு பையன் அந்தச் சரிவில் தடுமாறி இறங்கி ஓடுகிறான். அந்தப் படம் வட கரோலினாவில் இருக்கிறது. குன்று மட்டும் இங்கேயே இருக்கிறது.

போட்டோ மாதிரி என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவருடைய பெரிய படங்கள் பல டெம்பராவில் வரைந்தவை. முட்டை மஞ்சள் கரு, தண்ணீர், வண்ணப் பொடி, அவ்வளவுதான். அது சட்டென்று காய்ந்துவிடும் என்பதால், எண்ணெய் வண்ணம்போல இழுத்துக் குழைக்க முடியாது. மெல்லிய கோட்டின்மேல் கோடாகச் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். ஒரு படத்துக்கு மாதக்கணக்காகும். கிட்டே போய்க் காய்ந்த புல்லைப் பார்த்தால் ஒவ்வொரு புல்லும் தனித்தனிக் கோடு. நான் போனது நவம்பரில். மரங்களில் இலையே இல்லை. வெளியே வந்து சரிவைப் பார்த்தபோது, பழுப்பு நிறத்தில் இத்தனை வகையா என்று அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே பார்த்த படங்கள் என் கண்ணைப் பழக்கிவிட்டிருந்தன.

அடுத்த முறை மேல்மாடியில் நான்கைந்து படங்களை மட்டும் பாருங்கள், போதும். அப்புறம் அருங்காட்சியகமே வண்டி வைத்து அழைத்துப்போகும் கூர்னர் பண்ணைக்குப் போங்கள். அது எல்லா மாதமும் நடப்பதில்லை, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து அதே படங்களை மறுபடி பாருங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் இதைச் செய்ய முடிந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்