சிகிச்சையில் இருக்கும் தோழிக்காகப் பணம் திரட்டுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் நண்பருக்காகப் பணம் சேர்க்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இரண்டு தோழிகளுக்காகவும், கூட வேலை பார்த்த ஒருவருக்காகவும் முன்னால் நின்று வசூல் செய்திருக்கிறேன். அதற்கு முன்பு எனக்கே ஆறு சுற்று கீமோ நடந்தது. அப்போது எனக்காக மற்றவர்கள் சேர்த்தார்கள். கொடுக்கிற பக்கமும் வாங்கிக்கொள்கிற பக்கமும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மருந்து பற்றிய கேள்விகளை மட்டும் அவரவர் மருத்துவரிடமே கேளுங்கள்.

அக்கா, தோழிக்குத் தெரியாமல் சேர்த்து, ஒருநாள் மொத்தமாகக் கையில் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். சந்தோஷப்படுவாள் இல்லையா?

வேண்டாம்மா. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எந்தத் தேதியில் மருந்து ஏற்றுவது, எப்போது ஸ்கேன், எதைச் சாப்பிடலாம் என்று எல்லாவற்றையும் வேறு யாராவதுதான் அவளுக்காக முடிவு செய்கிறார்கள். இதையாவது அவளைக் கேட்டுச் செய்யுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னைக் கேட்காமல் என் படத்தையும் நோயின் பெயரையும் போட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டார்கள். என் அம்மாவிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யாரோ அனுப்பிய செய்தியில்தான் அவர் அதைப் படித்தார். அனுப்பியவர்கள் என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள், இன்றும் அப்படித்தான். ஆனாலும் அந்த இரவு எனக்கு ஆறவில்லை.

மூன்று விஷயம் கேளுங்கள். சேர்க்கச் சம்மதமா? யாருக்கெல்லாம் தெரியலாம்? எதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது? அவள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மனம் மாறினாலும் அவள் சொன்னதுதான்.

கேட்டோம். "வேண்டாம், கடன்பட்ட மாதிரி இருக்கும்" என்கிறாள். விட்டுவிடுவதா?

பணத்தை விடுங்கள், அவளை விடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வண்டி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு நாளை, ஒரு வேலையைச் சொல்லிப் பாருங்கள். பணம் என்றால் மறுப்பவர்கள் இதை மறுப்பதில்லை. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு" என்று மட்டும் சொல்லாதீர்கள். கீமோவின் களைப்பில், என்ன வேண்டும் என்று யோசிப்பதே ஒரு வேலை.

எங்களால் சிகிச்சைச் செலவு முழுவதையும் திரட்ட முடியாது. சிறிய தொகை சேர்த்து என்ன பயன்?

நிறையப் பயன் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு ஒரு கணக்கு, ஆறுதலுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுங்கள். முதலாவதைச் சமாளிக்கக் காப்பீடோ சேமிப்போ கடனோ ஏதோ ஒரு வழியைக் குடும்பம் தேடியிருக்கும். இரண்டாவதுக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. ரேடியேஷன் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள் போய்வர வேண்டும். ஒவ்வொரு நாளும் பத்து, பதினைந்து நிமிட வேலைதான். போகவர ஆகும் வண்டிச் செலவு மலைபோல் சேர்ந்துவிடும். கூட வருகிறவர் வேலைக்கு விடுப்பு எடுக்கிறார், வெளியே சாப்பிடுகிறார். குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வீட்டைப் பெருக்கித் துடைக்க வாரம் ஒருமுறை ஒருவர் வந்தால் அதுவே பெரிய நிம்மதி. சிறிய தொகை இங்கேதான் உதவும்.

ஒரு பையில் பரிசுப் பொருட்கள் போட்டுக் கொடுக்க ஆசை. என்ன வாங்கலாம்?

முதலில் வாங்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வாசனை உள்ள எதுவும் வேண்டாம். சென்ட், வாசனை மெழுகுவர்த்தி, மணக்கும் கிரீம் எல்லாம் கீமோ சமயத்தில் குமட்டலைக் கிளப்பும். எனக்குப் பிடித்த சோப்பின் வாசனையே எனக்கு ஆகாமல் போனது. பூங்கொத்தும் தொட்டிச் செடியும் வேண்டாம். அந்தத் தண்ணீரிலும் மண்ணிலும் உள்ள கிருமிகளை, வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடம்பு தாங்காது. பல வார்டுகளில் உள்ளேயே விட மாட்டார்கள். மூலிகைப் பொடி, சத்து மாத்திரை, "இதைக் குடித்துக் குணமானார்கள்" என்று வரும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். சில, கீமோ மருந்தின் வேலையையே மாற்றிவிடும்.

இனி வாங்க வேண்டியவை. வாய்ப்புண் வரக்கூடும், அதனால் மிக மென்மையான டூத்பிரஷ். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற சிறு கருவி வைத்திருந்தால் முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டை. ஊசி போடும்போது முழுவதும் கழற்ற வேண்டியிருக்காது. மருந்து ஏற மணிக்கணக்கில் ஆகும் என்பதால் நீளமான சார்ஜர் வயர், போர்த்திக்கொள்ள ஒரு போர்வை. முடி கொட்டும் வகை மருந்தென்றால் தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். உள்தையல் உறுத்தாத பருத்தித் தொப்பி ஒன்று, தூங்கும்போது போட்டுக்கொள்ள. விக் வேண்டுமா என்பதை அவளிடமே கேளுங்கள். ஆக்சாலிப்ளாட்டின் என்ற மருந்து ஏற்றுகிறார்கள் என்றால் சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல் சுரீரென்று குத்தும், குளிர்ந்த தண்ணீர் தொண்டையைப் பிடிக்கும். அவளுக்குக் கையுறையும் பிளாஸ்க்கும் கொடுங்கள்.

பார்க்க அழகாக இருக்காது என்றாலும், ஒரு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கட்டாயம் சேருங்கள். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேண்டும்.

பையை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

கேட்டுவிட்டுப் போங்கள். மருந்து ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை பலருக்கு வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். உங்களுக்கு லேசாக மூக்கு ஒழுகினாலும் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

எல்லோருக்கும் அனுப்பும் செய்தியை எப்படி எழுதுவது?

நான்கைந்து வரி போதும். நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: "நம் தோழி சில மாதங்கள் சிகிச்சையில் இருப்பாள். போக்குவரத்துக்கும் வீட்டு உதவிக்கும் பணம் சேர்க்கிறோம். இந்தச் செய்தியை அவள் படித்துச் சம்மதித்திருக்கிறாள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வெளியிட மாட்டோம். இந்த மாதம் முடியாதவர்கள் எங்களிடம் காரணம் சொல்ல வேண்டாம்." மருத்துவ அறிக்கையைப் படம் பிடித்துப் போடாதீர்கள். உயிருக்குப் போராடுகிறாள், இன்னும் இத்தனை நாள்தான் என்றெல்லாம் எழுதாதீர்கள். அதை அவளும் படிப்பாள்.

கணக்கு வழக்கில் சண்டை வராமல் இருக்க?

உங்கள் சொந்தச் செலவுக் கணக்கில் வாங்காதீர்கள். தனிக் கணக்கு, இரண்டு பேர் பொறுப்பு, மாதம் ஒருமுறை வரவு செலவு. இணையத் தளம் வழியாகச் சேர்த்தால் கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எப்போது கைக்கு வரும் என்று முதலிலேயே படித்துவிடுங்கள். மிச்சமானால் என்ன செய்வது என்பதையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள். அவளே இல்லாமல் போனாலும் பணம் யாருக்குப் போகும் என்பது அதில் இருக்க வேண்டும். எழுதும்போது கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்து பேசுவதைவிட இது நல்லது.

நாங்கள் கொடுத்த பணத்தில் அவள் இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்தாள். கொடுத்தவர்களில் சிலர் முணுமுணுக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

"ஆறுதலுக்குத்தான் சேர்த்தோம், அவள் ஆறுதல் தேடிக்கொண்டாள்" என்று சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான்காவது சுற்று முடிந்த பிறகு எனக்கு வந்த பணத்தில் ஒரு சிவப்புச் சட்டை வாங்கினேன். முடி இல்லை, புருவம் இல்லை, கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காத நேரம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐந்தாவது சுற்றுக்குப் போனேன். யாராவது ரசீது கேட்டிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! மருந்துக்கு என்று குறிப்பிட்டு வாங்கிய பணம் வேறு. அதை ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டிவிடுங்கள். ஆறுதலுக்கு என்று கையில் கொடுத்தது அவளுடையது.

நண்பன் ஆண், எதையும் வாய்விட்டுப் பேச மாட்டான். அவனுக்கும் இதேதானா?

அதேதான், தம்பி. பேச வைக்க முயலாமல் பக்கத்தில் உட்காருங்கள். கீமோவுடன் கொடுக்கும் ஸ்டீராய்டால் இரவில் தூக்கம் வராது. நள்ளிரவில் செய்தி அனுப்பினால் பதில் எழுத ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே அவனுக்குப் போதும்.

அடுத்த வாரம் கடைசிச் சுற்று. சிகிச்சை முடிந்ததன் அடையாளமாகச் சில ஆஸ்பத்திரிகளில் செய்வதுபோல் மணி அடித்துக் கொண்டாடிவிட்டு வசூலை முடித்துவிடலாமா?

கொண்டாடுவதையும் அவள் விரும்பினால் செய்யுங்கள். முழுப் பணத்தையும் அன்றே செலவழிக்காதீர்கள். களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும், விரல் மரத்துப்போவது உடனே போகாது. தினம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸுகளும் இல்லை, வந்துபோன நண்பர்களும் குறைந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் இருண்ட நாட்கள் சிகிச்சை முடிந்த பிறகுதான் வந்தன. அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அன்று அவளோடு போக ஒருவர் வேண்டும். முடிவு வருகிற நாளில் பக்கத்தில் இருக்க ஒருவர் வேண்டும். அந்த இரண்டு நாளுக்கான வண்டிச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.