செவ்வாய்ப்பேட்டைச் சுவர்

அன்புள்ள ஐயா,

விண்வெளியிலிருந்து பூமியைப் பார்த்தவர்களுக்கு மனசே மாறிவிடுகிறது என்று படித்தேன். அது உண்மையான தெளிவா, மூளை மயக்கமா? பெங்களூரு வந்தபின் எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. சேலம், சொந்த ஊர் என்பதெல்லாம் அற்பமாகத் தெரிகிறது. அவ்வளவு உயரம் போயும் ராகேஷ் சர்மா தேசப்பாட்டைச் சொன்னது ஏமாற்றமாக இருந்தது. என் சித்தப்பாவோ நிலவுக்கு யாரும் போகவே இல்லை என்கிறார்.

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

சித்தப்பாவை விட்டுவிடுங்கள். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. மயக்கமா தெளிவா என்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ராகேஷ் சர்மா மேல் கைவைத்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

1984 ஏப்ரல். சல்யூட் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் இருந்த சர்மாவிடம் இந்திரா காந்தி, மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று கேட்கிறார். சின்னப் பிள்ளைகளும் பாடுகிற, கவிஞர் இக்பாலின் 'சாரே ஜஹான் சே அச்சா' வரியைச் சர்மா சொல்கிறார். வேறென்ன சொல்லியிருக்க வேண்டும், தத்துவமா?

மறுவருடம் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் போன சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் சொன்னது நினைவிருக்கிறது. முதல் ஓரிரு நாள் ஆளாளுக்குத் தம் நாட்டைத்தான் காட்டிக்கொண்டார்களாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் கண்டங்களை. ஐந்தாம் நாள் ஒரே பூமிதான். உங்கள் கோளாறு இதில்தான் இருக்கிறது. முதல் நாளைப் பார்க்காமலே ஐந்தாம் நாளில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அதுவும் ஆறாவது மாடி பால்கனியில்!

அப்போலோ 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 24. நிலவை ஆராயப் போன மூன்று பேர். நான்காவது சுற்றில், நிலவின் விளிம்புக்கு மேல் நீலமாகப் பூமி எழுகிறது. பில் ஆண்டர்ஸ், கலர் ஃபிலிம் எங்கே, சீக்கிரம் எடு என்று உடனிருந்த லோவலை அவசரப்படுத்துகிறார். பயிற்சி பெற்ற விமானி அவர். நிலவின் குழிகளை நிதானமாகப் படமெடுத்துக்கொண்டிருந்த கை அது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நம் தெருமுனை வந்ததும் பையைத் தேடிப் பரபரப்போமே, அந்தப் பரபரப்பு. உங்களுக்கு அது கடைசியாக எப்போது வந்தது, தம்பி?

அதே 84 மே மாதம் அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து, அங்கேயே கொலுசுக்கு முத்து பற்றவைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலைக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் முதன்முறையாக ஏறினார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். மலை விளிம்பில் ஊரைப் பார்க்கிற இடமான லேடீஸ் சீட்டில் இறங்கியதும் திறந்தார்.

காட்சியை ரசிப்பார் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்துவிட்டார். "அந்த வெள்ளையாக் கெடக்குதே, அது மேக்னசைட்டுச் சொரங்கம். அதுக்கு அந்தப்பக்கம் ஜங்ஷன். அப்ப நம்ம பேட்டை எங்க?" எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. அரையடி தள்ளிக் கட்டிவிட்டார்கள் என்று பதினோரு வருடச் சண்டை. "நம்ம செவுரு தெரியுதான்னு பாரு கண்ணு" என்றார். காசு கொடுத்துத் தொலைநோக்கியிலும் பார்த்தோம். சுவர் என்ன, தெருவே தெரியவில்லை. வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம், வரும்போது அடுப்பை அணைத்தோமா என்று கேட்டார்.

நானும் அப்போது உங்களை மாதிரித்தான். அம்மாவுக்கு ஞானம் வந்துவிட்டது, சண்டை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை வாசல் தெளிக்கும்போதே சுவர்ப் பேச்சு தொடங்கிவிட்டது. அம்மாதான் முதலில் குரல் கொடுத்தார். "நேத்து மேலேருந்து பாத்தேன்டி. உன் வூடும் தெரியல, என் வூடும் தெரியல" என்று சொல்லிவிட்டு, அரையடிக் கணக்கை எடுத்தார்.