மடக்கிய கம்பி நிமிருமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: மாடி எழுப்பலாம் என்று ஆறு வருடம் முன்பு தூண்களில் 12 மி.மீ. கம்பி விட்டோம். காலில் இடிக்கிறது என்று தளத்தோடு மடக்கிவிட்டார்கள். இப்போது நிமிர்த்தித் தூண் எழுப்பலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: வளைவைப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட முடியாது. எஃப்இ 500 (வீடு கட்ட வழக்கமாக வாங்கும் தரம்) கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 மி.மீ. நீளும் வரை, விட்டால் பழையபடி சுருங்கிவிடும். பாடநூல் இதை 0.25 விழுக்காடு திரிபு என்னும். அதைத் தாண்டியது தாண்டியதுதான். 48 மி.மீ. உருளையைச் சுற்றி முறையாக வளைத்தாலே வெளிப்பக்கம் 20 விழுக்காடு நீள்கிறது. தூண் விளிம்பில் வைத்து அடித்து மடக்கியிருந்தால் இன்னும் மோசம்.

வளைவின் உட்பக்கம் அன்று நசுங்கியது. நிமிர்த்தும்போது அதுவே இழுபடும். விரிசல் பெரும்பாலும் அங்கே, கம்பியின் வரிகளுக்கு அடியில்தான் தொடங்கும். வளைந்த இரும்பு நாள்பட இறுகவும் செய்யும். அதனால்தான் கான்கிரீட் கம்பிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1786 சொல்லும் சோதனையில், வளைத்த கம்பியை 100 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்த பிறகே நிமிர்த்திப் பார்க்கிறார்கள்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, உட்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். செதில் செதிலாக உரிந்து மெலிந்திருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்தக் கம்பி ஆகாது. நன்றாக இருந்தால், மூன்றடி ஜிஐ பைப்பை அதில் மாட்டி மெதுவாக நிமிர்த்தி, மறுபடி பாருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சவே கூடாது: இன்றைய கம்பிகள் டிஎம்டி, அதாவது சூடாக உருட்டித் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்தவை; அவற்றின் வலு தண்ணீரில் இறுகிய மேல்தோலில் இருக்கிறது, சூடு அதைக் குலைத்துவிடும். போன கம்பிக்குப் பதிலாகத் துளையிட்டு, எபாக்சி பசை வைத்துப் புதுக்கம்பி நடலாம். ஆழத்தைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

இனிமேல் விடும் கம்பியை நிமிர்ந்தபடியே விட்டு, சிமென்ட் குறைவாகச் சேர்த்த, பின்னால் எளிதில் உடைக்கக்கூடிய கான்கிரீட்டில் பொதிந்து வையுங்கள். செங்கோட்டைச் சாரலுக்குச் சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) பூசினால் மட்டும் போதாது.

கேள்வி: சன்ஷேடின் மேல்பக்கம், சுவரை ஒட்டி நீளமாக விரிசல். பூசி மூடலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: வேண்டாம். முதலில் அடியில் முட்டுக் கொடுங்கள், கீழே யாரும் நிற்க வேண்டாம். சன்ஷேடு தன் பாரத்தில் தொங்கும்போது மேல்பக்கம் இழுபடுகிறது, அடிப்பக்கம் நசுங்குகிறது. கான்கிரீட் நசுக்குவதைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். அதனால் முக்கியக் கம்பி மேலே கிடக்க வேண்டும். கலவை கொட்டுபவர்கள் மிதித்து அதை அடிக்குத் தள்ளிவிட்டால், கம்பி இருந்தும் இல்லாத கதை. நுனி தாழ்ந்திருக்கிறதா என்று டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயில்) பாருங்கள். தாழ்ந்திருந்தால் உடைத்து, லிண்டலுக்குள் (ஜன்னல் மேலே ஓடும் கான்கிரீட் விட்டத்துக்குள்) கம்பி பிடிக்கும்படி புதிதாகப் போடுவதுதான் வழி. அப்போது மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்க இரண்டடிக்கு ஒரு சேர் கம்பி (நாற்காலி போல வளைத்த கம்பி) வைத்து, கொட்டி முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: இரும்பு கொஞ்சம் நீண்டாலே பழையபடி திரும்பாது. ரப்பர் மட்டும் பல மடங்கு நீண்டும் திரும்புகிறதே, எப்படி?
– வாசகி, குலசேகரம்

பதில்: இரும்பை இழுத்தால் அணுக்களின் இடைவெளியே விரிகிறது. ரப்பரில் சுருண்டு கிடக்கும் நீண்ட சங்கிலிகள் நேராகின்றன, அவ்வளவுதான். கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் விட்டதும் சுருள்கின்றன. உங்கள் ஊர் ரப்பர் தோட்டங்களில் காயவைக்கும் பச்சை ரப்பர் ஷீட்டில் அந்தப் பிணைப்பு இல்லை. இழுத்தே வைத்திருந்தால் கொஞ்சம் நீண்டபடியே நின்றுவிடும். அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சூடு தெரியும். எடை கட்டித் தொங்கவிட்டு வெந்நீர் ஊற்றினால் இரும்புக் கம்பி நீளும். ரப்பர் சுருங்கி எடையைத் தூக்கும்.