சீசர் கேள்வி பதில்: மன்னித்தவர்கள் கையாலேயே ஏன் செத்தார்?

ஜூலியஸ் சீசரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கே: அக்கா, சீசர்தானே ரோமின் முதல் பேரரசர்?

இல்லை தம்பி. அவர் காலத்து ரோம் ஒரு குடியரசு. ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள் (தேர்தலில் வரும் மிக உயர்ந்த பதவி), ஒரு செனட் (மூத்த பிரபுக்களின் அவை), வாக்களிக்கும் மக்கள் சபைகள். சர்வாதிகாரி என்ற பதவியும் சட்டத்தில் இருந்தது, ஆனால் அது நெருக்கடி நேரத்தில் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத் தருவது. சீசர் கி.மு. 44 பிப்ரவரியில் அதை ஆயுள் முழுவதற்கும் வாங்கிக்கொண்டார், அடுத்த மாதமே கொல்லப்பட்டார். முதல் பேரரசர் என்றால் அவருடைய வாரிசு அகஸ்டஸ்தான்.

கே: அதிகார ஆசை சின்ன வயதிலேயே இருந்ததா, வெற்றிகள் வந்தபின் தலைக்கேறியதா?

சின்ன வயதில் தெரிவது ஆசையைவிட வளையாத குணம். தளபதி சுல்லா ரோமைக் கைப்பற்றியபோது சீசருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. எதிரணித் தலைவர் சின்னாவின் மகளைக் கட்டியிருந்தார், விவாகரத்து செய் என்று சுல்லா உத்தரவு போட்டார். ஊரே நடுங்கிய மனிதரிடம் இந்தப் பையன் முடியாது என்றான். மனைவியின் சீதனம் போனது, தலைமறைவாகத் திரிய வேண்டியிருந்தது, உறவினர்கள் கெஞ்சித்தான் உயிர் தப்பியது.

ஆசை கண்ணுக்குத் தெரிவது கி.மு. 63இல். ரோமின் தலைமைப் பூசாரி தேர்தலில் இரண்டு மூத்த தலைவர்களை எதிர்த்து நின்றார், கடன் வாங்கி வாங்கிச் செலவழித்தார். வாக்குப்பதிவு அன்று காலை தாயிடம், ஜெயித்தால் பூசாரியாக வருவேன், இல்லையென்றால் வீடு திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஜெயித்தார். பிறகு ஸ்பெயினுக்கு ஆளுநராகக் கிளம்பும்போது கடன்காரர்கள் வழியை மறிக்க, பெரும் பணக்காரரான கிராசஸ் 830 டேலண்ட் (அன்றைய பெரிய பண அலகு) கடனுக்கு ஜாமீன் நின்றார். கி.மு. 60இல் கிராசஸ், புகழ்பெற்ற தளபதி பாம்பி, சீசர் மூவரும் கூட்டுச் சேர்ந்ததற்கு இந்தக் கடனும் ஒரு வேர்.

கே: கோல் நாட்டுப் போரை வீரக்கதையாகவே சொல்கிறார்கள். அது படுகொலை இல்லையா?

ஆம், படுகொலைதான். இன்றைய பிரான்ஸைச் சுற்றிய அந்தப் பகுதியில் கி.மு. 58 முதல் எட்டு ஆண்டுகள் போர் நடந்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் சிறைப்பட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டால்கூட அது பயங்கரம்தான். கி.மு. 55இல் ரைன் நதியைத் தாண்டி வந்த இரண்டு ஜெர்மானியக் குலங்களின் தலைவர்கள் பேச்சுவார்த்தைக்காக முகாமுக்கு வந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் இருந்த கூட்டத்தை சீசர் தாக்கினார். ரோமிலேயே செனட்டர் கேட்டோ எழுந்து, இந்த நம்பிக்கைத் துரோகத்துக்காக சீசரை அந்த ஜெர்மானியர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். கி.மு. 51இல் உக்செல்லோடுனம் கோட்டை விழுந்தபோது, ஆயுதம் பிடித்தவர்கள் கைகளை வெட்டிவிட்டு, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று உயிரோடு விட்டார்கள். அலேசியாவில் சரணடைந்த கோல் தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸை ஆறு ஆண்டுகள் சிறையில் வைத்து, வெற்றி ஊர்வலத்தில் இழுத்துவந்த பிறகு கொன்றார்கள். சீசரின் கருணையைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கருணை பெரும்பாலும் ரோமக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கே: மேடம், வீரர்கள் ஏன் அவருக்காக உயிரைக் கொடுத்தார்கள்? பணம் மட்டும்தானா?

பணம் முக்கியம், சம்பளத்தை இரட்டிப்பாக்கியவர் அவர். ஆனால் கி.மு. 57இல் கோல் பகுதியின் நெர்வி குலத்தார் திடீரென்று பாய்ந்து படை சிதறியபோது, பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்கே ஓடி, நூற்றுவர் தலைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, அதைப் பணத்தால் செய்ய முடியாது.

இன்னொன்று, அவருக்கு ஆட்களின் மனம் தெரியும். கி.மு. 47இல் களைத்துப்போன படைகள், எங்களை வீட்டுக்கு அனுப்பு என்று கலகம் செய்தன. ஆப்பிரிக்காவில் இன்னொரு போர் காத்திருக்கிறது, வீரர்கள் கட்டாயம் வேண்டும். அவர் அவர்கள் நடுவே போய் நின்று, வழக்கமாகச் சொல்லும் 'தோழர்களே' என்பதை விட்டுவிட்டு, 'குடிமக்களே' என்று ஆரம்பித்து, உங்களை விடுவித்துவிட்டேன் என்றார். அவ்வளவுதான், எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர்களே கெஞ்ச ஆரம்பித்தார்கள்.

கே: ரூபிகானைத் தாண்டாமல் இருந்திருக்க முடியாதா?

முடிந்திருக்கும். அதனால்தான் எனக்கு இந்த இடம் வருத்தமானது. ரூபிகான், சீசரின் மாகாணத்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக இருந்த ஆறு. அதைப் படையோடு தாண்டினால் உள்நாட்டுப் போர் என்றுதான் அர்த்தம். கி.மு. 50 டிசம்பரில், சீசரும் பாம்பியும் இருவருமே படையை விட்டுவிடட்டும் என்ற தீர்மானத்துக்கு செனட்டில் 370 பேர் ஆதரவு, எதிர்த்தவர்கள் 22 பேர்தான். அந்த 22 பேர் அதைச் செயல்பட விடவில்லை. பதவி இல்லாமல் ரோமுக்குத் திரும்பினால் எதிரிகள் வழக்குப் போட்டு அரசியல் வாழ்க்கையை முடித்துவிடுவார்கள் என்று சீசர் பயந்தார். அதற்குள் இருவரையும் இணைத்திருந்த கண்ணிகள் அறுந்துவிட்டிருந்தன: பாம்பியை மணந்திருந்த சீசரின் மகள் ஜூலியா கி.மு. 54இல் பிரசவத்தில் இறந்தாள், அடுத்த ஆண்டு கிராசஸ் கிழக்கே ஈரான் பக்கம் ஆண்ட பார்த்தியர்களிடம் தோற்று மடிந்தார்.

கி.மு. 49 ஜனவரியில் ஒரே ஒரு லீஜியனோடு (ரோமப் படைப்பிரிவு) அந்தச் சிற்றாற்றைத் தாண்டினார். தன் கௌரவம் உயிரைவிடப் பெரிது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நான் அதை அப்படியே நம்புகிறேன். ஒருவருடைய கௌரவத்துக்காக இத்தாலி, கிரீஸ், ஆப்பிரிக்கா, ஸ்பெயின் என்று நான்கு ஆண்டுகள் ரோமர்கள் ரோமர்களைக் கொன்றார்கள்.

கே: நல்லது எதுவுமே செய்யவில்லையா?

ஏன் இல்லை! நாம் இன்று மாட்டியிருக்கும் நாட்காட்டிக்கு அடிப்படையே அவர்தான். பருவங்களோடு ஒட்டாமல் போயிருந்த நாட்காட்டியைச் சரிசெய்ய கி.மு. 46ஐ 445 நாள் ஆண்டாக நீட்டினார், பிறகு 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள். அழிக்கப்பட்டுக் கிடந்த கார்த்தேஜிலும் கொரிந்திலும் புதுக் குடியேற்றங்களுக்கு ஏற்பாடு செய்தார். வட இத்தாலியில் போ நதிக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கச் செய்தார்.

கே: எதிரிகளை மன்னித்துப் பதவியும் கொடுத்தவரை அவர்களே ஏன் கொன்றார்கள்? நன்றி கெட்டவர்களா?

எல்லாரும் கேட்டது இதைத்தான். சதியின் தலைவர்களான புரூட்டஸும் காசியஸும் உள்நாட்டுப் போரில் பாம்பி பக்கம் இருந்தவர்கள். தோற்றபின் மன்னிக்கப்பட்டு, கி.மு. 44இல் இருவரும் கான்சலுக்கு அடுத்த நிலையான பிரேட்டர் பதவியில் இருந்தார்கள். சதியில் இருந்த டெசிமஸ் புரூட்டஸும் (இவர் வேறொரு புரூட்டஸ்) டிரெபோனியஸும் சீசருடைய சொந்தத் தளபதிகள். அவருடைய உயிலில் டெசிமஸ் இரண்டாம் நிலை வாரிசு! ஆக, கோபம் பதவி கிடைக்காததால் வந்ததில்லை, பதவி யார் கையிலிருந்து வருகிறது என்பதால் வந்தது.

ரோமப் பிரபு குடும்பத்துப் பையனுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரே கனவுதான், கான்சல் தேர்தலில் ஜெயிப்பது. இப்போதோ யார் கான்சல் என்பதை வருஷக்கணக்கில் முன்கூட்டியே சீசர் தீர்மானிக்கிறார். கி.மு. 45இன் கடைசி நாளில் ஒரு கான்சல் இறந்துபோக, மிச்சமிருந்த சில மணி நேரத்துக்கு ஒருவரை நியமித்தார். 'எவ்வளவு விழிப்பான கான்சல், பதவிக்காலம் முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை' என்று பேச்சாளரும் செனட்டருமான சிசெரோ எழுதினார், எழுதிவிட்டு, நீ இங்கே இருந்தால் அழுதிருப்பாய் என்றும் நண்பருக்குச் சொன்னார். மன்னிப்பும் அப்படித்தான். ஒருவர் உங்களை மன்னிக்கிறார் என்றால் தண்டிக்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது என்று அர்த்தம். கேட்டோ அதை ஏற்க மறுத்து ஆப்பிரிக்காவின் உடிகாவில் தற்கொலை செய்துகொண்டார்.

அப்புறம் அவமானங்கள் சேர்ந்தன. விருதுத் தீர்மானங்களோடு வந்த செனட்டர்களை எழுந்து நிற்காமலே வரவேற்றார். உயிரோடு இருக்கும்போதே நாணயத்தில் முகம். பிப்ரவரி 15 விழாவில் சீசரின் கூட்டாளி ஆண்டனி ராஜ கிரீடத்தை நீட்ட, அவர் மறுத்தார்தான், ஆனால் நீட்டலாம் என்ற நிலை வந்துவிட்டதே. படைவீரன் மனத்தை ஒரே சொல்லில் திருப்பியவருக்குத் தன்னோடு சமமாக வளர்ந்தவர்களின் மனம் பிடிபடவில்லை. அவருடைய வீழ்ச்சி அங்கேதான் என்பது என் முடிவு.

கே: 'நீயுமா புரூட்டஸ்' என்று சொன்னாரா?

அது ஷேக்ஸ்பியர் நாடக வசனம். அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு விழுந்தார் என்பது பழைய பதிவு. 23 குத்துகள், அவற்றில் மார்பில் விழுந்த ஒன்றுதான் உயிரைப் பறித்தது என்றார் உடலைப் பார்த்த மருத்துவர்.

கே: மார்ச் 15ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? காவல் இல்லையா?

மார்ச் 18 அன்று பார்த்தியப் போருக்குக் கிளம்ப இருந்தார். போய்விட்டால் படை நடுவே நெருங்கவே முடியாது. ஸ்பானியக் காவலர்களை அவரே அனுப்பிவிட்டிருந்தார். அன்று காலை வர மனமில்லாமல் இருந்தவரை வீட்டுக்கே போய் அழைத்து வந்தது டெசிமஸ்.

கே: கொன்றபின் குடியரசு திரும்பவில்லையே. ஆக்டேவியன் மட்டும் எப்படி நிலைத்தார்?

அறுபதுக்கும் மேற்பட்ட சதிகாரர்களிடம் அடுத்த நாளுக்கான திட்டமே இல்லை. ஆண்டனியை உயிரோடு விட்டார்கள், உயிலைப் படிக்க விட்டார்கள், ஒவ்வொரு குடிமகனுக்கும் 300 செஸ்டர்ஸ் பணம் என்று கேட்டதும் நகரம் கொதித்தது. சீசரின் வாரிசான, பின்னாளில் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியனுக்கு அப்போது 18 வயது. அடுத்த ஆண்டே ஆண்டனி, சீசரின் இன்னொரு கூட்டாளி லெபிடஸ் இருவரோடும் சேர்ந்து கொலைப்பட்டியல் ஒட்டினார், சிசெரோவும் அதில் போனார். சீசரின் மன்னிப்பு என்ன விலை கேட்டது என்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆட்சி முழுசாகக் கைக்கு வந்தபின் அகஸ்டஸ் என்ற பெயரில், குடியரசைத் திருப்பித் தந்துவிட்டேன் என்று அறிவித்து, சர்வாதிகாரி பதவியை மக்களே கெஞ்சியும் மறுத்து, செனட்டை மரியாதையோடு நடத்தினார். அதே செனட்டில் உறுப்பினர்களைக் குறைத்த சமயத்தில் உடைக்குள் கவசம் அணிந்து, வாள் வைத்து, பலசாலி நண்பர்கள் பத்துப் பேரைச் சுற்றி நிறுத்திக்கொண்டுதான் உட்கார்ந்தார். கி.பி. 14இல், 75 வயதில், நோலாவில் படுக்கையில் இறந்தார்.